400 ஜிஎஸ்எம்முக்குக் கீழ இருந்தா கண்ணாடித் துணியே இல்லையாமே?

கண்ணாடிக்காரன்:
இந்த மன்றத்துல பக்கத்துத் திரியில ஒருத்தர், பால்கனி கண்ணாடியில கோடு கோடா விழுது, என்ன துணி வாங்கலாம்னு கேட்டிருந்தார். கோவை மைக்ரோ ஒரே வரியில தீர்ப்பு எழுதிட்டார்: "400 ஜிஎஸ்எம் மைக்ரோஃபைபர் வாங்குங்க, அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் மேஜை துடைக்கிற துணி." அதுக்கு லைக் வேற குவியுது. இதைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டுப் போக முடியாது.

ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிற எடை. 400 ஜிஎஸ்எம்ல கடையில கிடைக்கிறது பெரும்பாலும் ரெண்டு பக்கமும் நூல் வளையம் நிக்கிற துணி. கார்ல பாலிஷ் போட்டு எடுக்க அது சரி. கண்ணாடியில கடைசித் துடைப்புக்கு அது ஆகவே ஆகாது. ஏன்னு சொல்றேன். வைப்பர் இழுத்து முடிச்சதும் தண்ணி மிச்சம் இருக்கிறது நாலு ஓரத்துல மட்டும்தான், அரை விரல் அகலத்துக்கு. அந்த ஓரத்தை ஒட்டி, கண்ணாடியைச் சட்டத்துல பிடிச்சு வைக்கிற பீடிங் ரப்பர். ரப்பருக்குப் பின்னாடி அழுக்குத் தண்ணி தேங்கி நிக்கும். தடிச்ச துணியோட முனை அந்த இடுக்குல உட்கார்ந்த உடனே வளையம் அந்தத் தண்ணியை உறிஞ்சி வெளிய கொண்டு வந்துடும். துணி நகர நகர, காய்ஞ்ச கண்ணாடி மேல விசிறி வடிவத்துல மங்கலா ஒரு தடம் விழும். வேலை செய்யும்போது நிழல்ல தெரியாது. சாயங்காலம் வெயில் சாய்வா அடிக்கும்போது தெரியும். அப்பத்தான் வாடிக்கையாளர் போன் பண்ணுவார்.

ஓரத்துக்கு 250-லிருந்து 300. வளையம் இல்லாத தட்டை நெசவு. அவ்வளவுதான்.

கோவை மைக்ரோ:
வாங்க சார், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். வைப்பர் ரப்பர் பத்தின திரியிலயும் இப்படித்தான் வந்தீங்க. கெட்டி ரப்பரா மெது ரப்பரான்னு நாலு பக்கம் ஓட்டினீங்க, கடைசியில திரிக்கே பூட்டுப் போட்டாங்க.

கணக்கு பேசுவோம். 40-க்கு 40 சென்டிமீட்டர் துணி 250 ஜிஎஸ்எம்னா மொத்த எடை 40 கிராம். நாலுக்கு அஞ்சு அடி கண்ணாடியில ஓரம் மட்டும் 18 அடி. பத்துக் கண்ணாடின்னா 180 அடி. அந்த 40 கிராம் துணி பாதி வழியிலயே ஊறிப் போயிடும். ஊறின துணி தண்ணியை எடுக்காது, இடம் மாத்தி வைக்கும். அதே அளவு 400 ஜிஎஸ்எம்னா 64 கிராம். ஒண்ணரை மடங்குக்கும் மேல. தண்ணி எங்கே போகும்னு யோசிச்சுட்டு எழுதுங்க.

கண்ணாடிக்காரன்:
ஓரத்துல அவ்வளவு தண்ணி இருக்குன்னா தப்பு துணியில இல்லை, கையில. வைப்பர் ரப்பரை ஒவ்வொரு இழுப்புக்கு அப்புறமும் துடைக்கணும். மேல் ஓரத்துல ரப்பர் நுனியால ஒரு இன்ச் அகலத்துக்கு முதல்ல காய வெச்சுட்டு, அந்தக் காய்ஞ்ச பட்டையில இருந்துதான் இழுப்பை ஆரம்பிக்கணும். பக்கெட்ல சோப்பு அதிகமானாலும் ஓரத்துல நுரை நிக்கும். பத்து லிட்டருக்குப் பாத்திரம் கழுவுற திரவம் ஒரு டீஸ்பூன் போதும். மூடி மூடியா ஊத்துறவங்களுக்கு 400 இல்லை, 800 கொடுத்தாலும் கோடு விழும்.

துணியை ரெண்டு தடவை மடிச்சா எட்டு முகம் கிடைக்குது. ஒரு முகம் ஈரமானா திருப்பு. எட்டும் முடிஞ்சா அடுத்த துணி எடு. ஒரே துணியை நாள் பூரா ஓட்டணும்னு நினைக்கிறவங்களுக்குத்தான் 400 வேணும்.

மாடிப்படி:
ஒரு சந்தேகம். நீங்க ரெண்டு பேரும் எந்தத் துணியைப் பத்திப் பேசறீங்க? ரப்பரைத் துடைக்கிறதா, கீழ்ச்சட்டத்துல வழியறதை எடுக்கிறதா, ஓரத்துக்கா, இல்லை வைப்பரே இல்லாம முழுக் கண்ணாடியையும் துணியாலயே துடைக்கிறதா? நாலுக்கும் வேற வேற துணி இல்லையா?

கோவை மைக்ரோ:
எட்டு முகம், பதினாறு முகம்னு கதை வேண்டாம். மடிச்ச துணியில ஒரு முகத்துல ஏறின ஈரம் உள் மடிப்புக்கு இறங்காதா? மெல்லிசுத் துணியில சீக்கிரமே இறங்கும். நாலு முகம் தாண்டுறதுக்குள்ள எல்லாமே ஈரம்தான். 400-ல அந்தப் பிரச்சனை இல்லை.

திருப்பூர் வேஸ்ட்:
ரெண்டு பேருமே பிளாஸ்டிக் நூலுக்கு அடிச்சுக்கிறீங்க. வெள்ளைப் பனியன் வேஸ்ட், சாயம் போடாத காட்டன் இன்டர்லாக், தையலும் எலாஸ்டிக்கும் வெட்டி எடுத்தது. கிலோ கணக்குல வாங்கிக்கலாம். சோடாவுல ஒரு தடவை கொதிக்க வெச்சு அலசினா, அதை விட நல்லா தண்ணி குடிக்கிற துணி இன்னும் பிறக்கலை. ஓரம் துடை, சட்டம் துடை, தூக்கிப் போட்டுட்டுப் போ. துவைக்கிற வேலையே இல்லை.

கண்ணாடிக்காரன்:
பனியன் வேஸ்ட் லேத் மிஷின் துடைக்க. கண்ணாடியில தேய்ச்சா வெட்டின ஓரத்துல இருந்து பஞ்சு உதிர்ந்து, கண்ணாடி காய்ஞ்சதும் வெள்ளை வெள்ளையா ஒட்டியிருக்கும். காட்டன்தான் வேணும்னா ஆபரேஷன் தியேட்டர் துணி வாங்குங்க, வெளிநாட்டுல ஹக் டவல்னு விக்கிறது. நூலை இறுக்கி முறுக்கி நெய்திருப்பாங்க, பஞ்சு விடாது. ஆனா புதுசுல கஞ்சி இருக்கும், தண்ணியை எடுக்காது. நாலஞ்சு துவைப்பு கடந்த பிறகுதான் அது துணி. அதுவும் பாருங்க, 400 கிடையாது, மெல்லிசுதான்.

திருப்பூர் வேஸ்ட்:
லேத் மிஷின் துடைக்கவா? அந்த மெல்லிசுத் துணி பத்திப் பேசறீங்களே, நெய்யறது எந்த ஊர்ப் பக்கம்னு முதல்ல விசாரிங்க. பஞ்சு உதிர்றது கழிவு நூல்ல, குட்டை இழையில. கோம்ப்டு நூல், அதாவது குட்டை இழையைச் சீவி எடுத்த நூல், அந்தப் பனியன்ல உதிராது. தரம் பார்த்து வாங்கத் தெரியாதவங்க துணியைக் குறை சொல்றது இந்த ஊருக்குப் புதுசு இல்லை.

லண்டன் ஜன்னல்:
அண்ணையவை, இஞ்ச பழைய ஆக்கள் எல்லாம் ஸ்க்ரிம் எண்டு லினன் துணிதான் பாவிச்சவை. புதுசா வாங்கினால் சாக்கு மாதிரி முரடா இருக்கும், ரெண்டு மூண்டு தரம் சுடுதண்ணியிலை போட்டு எடுத்தால்தான் மெதுவாகும். பிறகு வருசக்கணக்கா உழைக்கும். ஆனா இப்ப கனபேர் துணியே தொடுறதில்லை. நீளக் கம்பிலை பிரஷ் பூட்டி, உப்பு முழுக்க எடுத்த தண்ணி விட்டுக் கழுவிப்போட்டு அப்பிடியே காய விடுறது. டிடிஎஸ், அதாவது தண்ணியிலை கரைஞ்சிருக்கிற உப்பின்ரை அளவு, 10-க்குக் கீழை நிண்டால் ஒரு புள்ளியும் விழாது. துணிச் சண்டையே தேவையில்லை.

கோவை மைக்ரோ:
லண்டன் அண்ணன் சொல்றது சென்னைக்கு எப்படி ஒத்து வரும்? இங்க போர் தண்ணியில டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டுற தெருக்கள் இருக்கு. வீட்டு ஆர்ஓ தண்ணி 50, 60-ல நிக்கும். அதைக் காய விட்டாலே புள்ளி விழும். அதனாலதான் இங்க தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் எடுக்கணும், அதனாலதான் 400.

கண்ணாடிக்காரன்:
சுத்திச் சுத்தி 400. அந்த 400 நிஜமாவே 400-தானான்னு யாராவது பார்த்தீங்களா? ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு அர்த்தம். 40-க்கு 40 துணி 0.16 சதுர மீட்டர். நகைத் தராசோ சமையல் தராசோ எடுத்து, நல்லா காய்ஞ்ச துணியை வைங்க. எடையை 0.16-ஆல வகுங்க. கவர்ல 400-னு போட்டு, தராசுல 42 கிராம் காட்டுற துணி ஊரெல்லாம் விக்குது. 42-ஐ வகுத்தா 262. நீங்க 400-னு புகழ்ந்துக்கிட்டு இருக்கிறதே நான் சொல்ற 250, 300 துணியாத்தான் இருக்கும்.

அடுத்தது 80/20. 80 பங்கு பாலியெஸ்டர், 20 பங்கு பாலியமைடு, அதாவது நைலான். ஒவ்வொரு இழையும் மெல்லிசு மெல்லிசாப் பிளந்திருக்கணும். பிளக்காத இழைன்னா அது வெறும் பாலியெஸ்டர் துணி. சோதிக்கத் தட்டையான மேடையில ஒரு ஸ்பூன் தண்ணி ஊத்தி, துணியை மெதுவா அது மேல தள்ளுங்க. பிளந்த இழைன்னா தண்ணி துணிக்குள்ள போகும். பிளக்காததுன்னா தண்ணியை முன்னாடி தள்ளிக்கிட்டே போகும். காய்ப்புக் காய்ச்ச கையில துணியைத் தடவினா பிளந்த இழை தோல்ல மாட்டும், பிளக்காதது வழுக்கும். இந்த ரெண்டும் பார்க்காம ஜிஎஸ்எம் எண்ணை மட்டும் பிடிச்சுத் தொங்கறது எதுக்கு?

கோவை மைக்ரோ:
ஜிஎஸ்எம் எண்ணைப் பிடிச்சுத் தொங்கறது யாரு, திரிக்குத் தலைப்பு வெச்சது யாரு?

உங்க கணக்கே தப்பு. கவர்ல 40 போட்டிருந்தாலும் தையல் ஓரம், சுருக்கம் எல்லாம் போக அளந்தா 38-க்கு 38-தான் வரும். அது 0.1444 சதுர மீட்டர். அதே 42 கிராம் இப்ப 291. 29 கூடிடுச்சு. முதல்ல டேப் எடுத்து அளங்க, அப்புறம் தராசு எடுங்க.

கண்ணாடிக்காரன்:
291-ம் 400 இல்லையே. 300-க்குள்ளதானே வருது? நான் சொன்ன அளவுலதான் நிக்குது.

ஓஎம்ஆர் ரோப்:
தரையில நின்னு துடைக்கிறவங்க பேச்சு இது. கயித்துல தொங்கும்போது எட்டு முகம் மடிச்சுத் திருப்ப ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்காது. இடுப்புப் பையில நாலு துணி, அதுல ரெண்டு தடிச்சது. தடிச்சது ரப்பரையும் சட்டத்தையும் துடைக்க, மெல்லிசு ஓரத்துக்கு. மேற்குப் பக்கக் கண்ணாடியைக் காலையிலயே முடிச்சுடணும். மத்தியானம் கண்ணாடி சூடானா வைப்பர் இழுக்கறதுக்குள்ள தண்ணி காய்ஞ்சுடும், அப்புறம் எந்தத் துணியும் காப்பாத்தாது. துணி கீழ விழுந்தா அதைத் திரும்ப எடுத்துக் கண்ணாடியில வைக்கவே கூடாது. மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் கண்ணாடியை விடக் கெட்டி, ஒரு துகள் போதும், கீறல் விழுந்து நிரந்தரமா நிக்கும்.

கோவை மைக்ரோ:
பாருங்க, கயித்து வேலைக்காரரே தடிச்ச துணின்னு சொல்றார். 400 வேணும்னுதானே அர்த்தம்?

கண்ணாடிக்காரன்:
ஓரத்துக்கு மெல்லிசுன்னும் அதே ஆள்தான் எழுதியிருக்கார். பாதி வரியைப் படிச்சுட்டுப் பாதி வரிக்குப் பதில் எழுதாதீங்க. ரப்பர் திரியிலயும் இதைத்தான் பண்ணினீங்க.

நீலவானம்:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். என் மைக்ரோஃபைபர் துணி முதல் மாசம் நல்லா எடுத்தது, இப்ப எண்ணெய் பூசின மாதிரி தடம் விடுது. ஜிஎஸ்எம் மாத்தணுமா?

கண்ணாடிக்காரன்:
துவைக்கும்போது சாஃப்ட்னர் போட்டிருப்பீங்க. சாஃப்ட்னர் இழை மேல வழுவழுன்னு ஒரு படலம் விடும். இழைகளுக்கு நடுவுல இருக்கிற இடுக்கு அடைஞ்சு போகும், தண்ணி உள்ள போகாது, படலம் கண்ணாடிக்கு வரும். கை பொறுக்கிற சூட்டுல வெந்நீர், சாதா டிடர்ஜென்ட் கொஞ்சம், அரை மணி நேரம் ஊற வெச்சு மூணு நாலு தடவை அலசுங்க. ஒரு தடவையில போகலைன்னா இன்னொரு தடவை. பிளீச் வேண்டாம், குளோரின் பாலியமைடு இழையை அரிச்சுடும். பூத்துண்டோட சேர்த்து மிஷின்ல போடாதீங்க, பருத்திப் பஞ்சு பூராவும் இதுல ஏறிடும். இஸ்திரி, டிரையர் சூடு எதுவும் காட்டக் கூடாது. இழை கெட்டு முரடாயிடும். நிழல்ல கொடியில காய வைங்க. மொட்டை மாடிச் சுவர் மேல விரிச்சா சிமென்ட் தூசியோடத்தான் திரும்பி வரும்.

இதுல இன்னொண்ணு, 400 ஜிஎஸ்எம் வளையத் துணியில சோப்பும் சாஃப்ட்னரும் உள்ளயே தங்கும், அலசி எடுக்கிறது கஷ்டம். தட்டை நெசவு சீக்கிரம் அலசப்படும்.

கோவை மைக்ரோ:
சாஃப்ட்னர் கேள்விக்குப் பதில் சொல்ற சாக்குல 400-ஐ ஒரு குத்து குத்தலைன்னா உங்களுக்குத் தூக்கம் வராது. நாலு தடவை அலசறதை அஞ்சு தடவை அலசினா முடிஞ்சது. அதுக்காகத் துணியையே மாத்தணுமா?

திருப்பூர் வேஸ்ட்:
பனியன் துணிக்கு வெந்நீர், பிளீச், இஸ்திரி எதுக்கும் பயமில்லை. சொன்னா லேத் மிஷின்ம்பாங்க.

கண்ணாடிக்காரன்:
லேத் மிஷினை விட மாட்டீங்களா? கோம்ப்டு நூல் பனியனை வேஸ்ட் மூட்டையில தனியாப் பிரிச்சு யார் கொடுக்கிறாங்கன்னு சொல்லுங்க. மூட்டையில கலந்துதான் வரும்.

திருப்பூர் வேஸ்ட்:
கேட்டு வாங்கினா பிரிச்சுத் தருவாங்க. கேக்கணும்.

லண்டன் ஜன்னல்:
கண்ணாடியிலை ஏற்கனவே உப்புப் புள்ளி படிஞ்சிருந்தால் எந்தத் துணியும் எடுக்காது எண்டதை ஒருத்தரும் சொல்லேல்லை. வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து நனைச்சு, கொஞ்ச நேரம் ஊற விட்டுப்போட்டுத்தான் துடைக்கோணும். கன வருசம் படிஞ்சு கண்ணாடியை அரிச்சிருந்தால் அதுவும் உதவாது, பாலிஷ்தான். அலுமினியச் சட்டத்திலையும் சலவைக்கல்லிலையும் வினிகர் வழிய விடக் கூடாது.

கோவை மைக்ரோ:
இதுக்கும் தண்ணியைப் பூரா எடுக்கணும்னுதான் நானும் சொன்னேன். புள்ளி விழ விட்டுட்டு அப்புறம் வினிகர் தேடுறதை விட, முதல்லயே 400-ல எடுத்துடறது நல்லது.

மாடிப்படி:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரலை. எந்த வேலைக்கு 400, எந்த வேலைக்கு 300?

கண்ணாடிக்காரன்:
ஓரத்துக்கு 300-க்குக் கீழன்னு முதல் பதிவுலயே இருக்கு. மேல போய்ப் படிங்க. கோவை மைக்ரோ தன் துணியோட நீளம், அகலம், எடை மூணையும் எழுதட்டும். அந்த மூணு எண்ணைப் போடாம 400-ன்னு இன்னொரு பதிவு வந்தா நான் அதையும் விடப் போறதில்லை.

கோவை மைக்ரோ:
39-க்கு 39, 61 கிராம். வகுத்துப் பாருங்க, 401 வரும்.

கண்ணாடிக்காரன்:
துணி நல்லா காய்ஞ்சிருந்ததா? காத்துல ஈரம் இருக்கிற நாள்ல மடிச்சு வெச்ச துணியை எடை போட்டா கிராம் கூடத்தான் காட்டும். தையல் நூலும் லேபிளும் சேர்ந்து எத்தனை கிராம்? அந்த லேபிளை வெட்டினீங்களா இல்லையா? அதோட முனை கண்ணாடியில உரசும்.

கோவை மைக்ரோ:
இப்ப லேபிளுக்கு வந்துட்டீங்க. சரி, லேபிளுக்குத் தனித் திரி ஆரம்பிங்க. 401.