எம்.ஆர். ஊசி முகாமில் ஒரு தாய் கேட்ட கேள்வி

2017 பிப்ரவரி, தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா (எம்.ஆர்.) தடுப்பூசி முகாம் தொடங்கிய நேரம். கத்தோலிக்கர்கள் அதிகம் உள்ள ஒரு கடலோர ஊர்ப் பள்ளிக்கு ஊசி போடப் போயிருந்தோம். வாட்ஸ்அப்பில் என்னென்னவோ சுற்றிக்கொண்டிருந்தது, பாதிக்கு மேல் வெறும் பயமுறுத்தல். ஒரு அம்மா மட்டும் ஓரமாக வந்து, "சிஸ்டர், கலைச்ச பிள்ளையோட செல்லுல செஞ்ச ஊசியாமே, நெசமா?" என்றார்.

கூட இருந்தவர் "அதெல்லாம் புரளிம்மா" என்று அனுப்பப் பார்த்தார். எனக்கு அது பிடிக்கவில்லை, ஏனென்றால் விஷயம் முழுப் புரளி இல்லையே. 1962-இல் ஸ்வீடனில் சட்டப்படி கலைக்கப்பட்ட ஒரு கருவின் நுரையீரலிலிருந்து அமெரிக்காவில் ஹேஃப்ளிக் என்பவர் வளர்த்த செல்கள்தான் டபிள்யூஐ-38. அதில்தான் பிளாட்கின் என்ற ஆய்வாளர் ரூபெல்லா வைரஸை வீரியம் குறைத்து ஊசிக்கு ஏற்றதாக்கினார், இங்கே நாம் போடுவதும் அந்த வைரஸ் வகைதான். அதற்காக ஒவ்வொரு ஊசிக்கும் புதுசாகக் கரு தேவை என்று நினைத்துவிட வேண்டாம், இப்படி என்றோ எடுத்த செல்களை உறைய வைத்துப் பெருக்கித்தான் இன்னும் பயன்படுத்துகிறார்கள். 1964-65-இல் அமெரிக்காவில் ரூபெல்லா பரவி, கர்ப்பிணிகளுக்கும் தொற்றியபோது சுமார் 20,000 குழந்தைகள் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு என்று பிறந்தன. கலைந்ததும் கலைத்ததுமாகப் போன கருக்கள் சுமார் 11,000. இதையும் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த சுவீடன் பொம்பளகிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா?" என்றார்.

கேட்கவில்லை. "அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்று நம் ஆட்கள் கடந்து போவது இந்த இடத்தைத்தான், என்னைப் பொறுத்தவரை உண்மையான தப்பும் இதுதான். பிற்பாடு விதி வந்தது: அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடக்கும் கருத்திசு மாற்று (கலைத்த கருவின் திசுவை நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்க்கும்) ஆய்வுகளுக்கு 1993 சட்டப்படி, கலைக்கும் முடிவை அந்தப் பெண் எடுத்த பிறகுதான் திசுவுக்குச் சம்மதம் கேட்கவே வேண்டும்.

சரி, வேற ஊசி இல்லையா என்றார். ஜப்பானில் முயல் சிறுநீரகச் செல்லில் செய்தது உண்டு, முகாமில் அது கிடையாது. வேறு வழி இல்லாதபோது பிள்ளைகளுக்கு இதைப் போடலாம் என்று வத்திக்கான் 2005-லேயே சொல்லியிருக்கிறது என்றேன், அது அவருக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது போல. மகளுக்குப் போடச் சொன்னார். மகனுக்கு வேண்டாமாம், அவன் என்ன பிள்ளையா பெறப்போறான் என்கிறார்! வீட்டில் மாசமாக இருக்கும் சித்திக்கு அவன்தான் கொண்டுவந்து ஒட்டுவான் என்று அடுத்த பேச்சை ஆரம்பித்தேன்.