ஒயிட் மெட்டல் (வெள்ளீயக் கலவை உலோகம்) வீரர் பொம்மைகள்: பழைய எனாமல் பெயிண்டை உரிப்பது எப்படி?

கேள்வி: 28 மி.மீ. அளவு வீரர் பொம்மைகள் 12 இருக்கு. மேலே இரண்டு மூன்று பூச்சு எனாமல்; சங்கிலிக் கவசத்தின் வளையமே தெரியலை. அடித்தட்டு பிளாஸ்டிக். உலோகம் கெடாமல் எதில் ஊறவைக்கலாம்?

பதில் 1: பெயிண்டைக் கரைக்க அசிட்டோன் போதும். முதலில் அடித்தட்டைக் கழற்றுங்க, அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக் கூழாகிடும். மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் வீரர் மூழ்கும் அளவு அசிட்டோன், ஒரு மணி நேரம், பிறகு பழைய டூத்பிரஷ். இடுக்குக்குப் பல்குத்தும் குச்சி போதும். ஊசி வேண்டாம், மெட்டல் மெத்து, கீறல் விழும். சூப்பர் குளூ போட்ட கையும் ஈட்டியும் கழன்றுவிடும், அதனால் பாட்டிலுக்கு ஒரு வீரர்தான். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், அடுப்பு பக்கம் கொண்டுபோகாதீங்க.

பதில் 2: அவசரம் இல்லேன்னா டெட்டால், தண்ணீர் கலக்காமல், 24 மணி நேரம். எல்லாரும் சறுக்குவது இங்கேதான்: எடுத்ததும் குழாயில் காட்டுவாங்க. தண்ணீர் பட்டால் இளகின பெயிண்ட் பிசினாகித் திரும்ப அப்பிக்கும். டெட்டாலில் தோய்த்தே தேய்ச்சு முடிங்க, அப்புறம் சோப்புத் தண்ணீர். அக்ரிலிக் பெயிண்டுக்கு அருமை, எனாமலுக்கு இரண்டு சுற்று ஆகலாம்.

பதில் 3: பழைய வார்ப்பில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போடாதீங்க, தூசி ஆபத்து. மெல்லிய நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சீக்கிரம் ஊடுருவும். நனைஞ்சால் உடனே மாத்துங்க. உரிச்ச பிறகு வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது பெயிண்ட் மிச்சம் இல்லை, ஈயம் அரிச்சுப்போகுது. ஓக் மர அலமாரியின் அமில ஆவிகூட அதைக் கிளப்பும்.