குறைபார்வை உள்ளவங்களுக்கு வழி சொல்ற கைக்கருவி: உங்க அனுபவம் சொல்லுங்க

கோபி அம்மிணி

எங்கப்பாவுக்கு கிளாக்கோமாங்க. நேரா இருக்கறது தெரியும், பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாது. பேப்பர்ல பொடி எழுத்தெல்லாம் படிப்பாரு, வாசல்ல கிடக்கற கட்டில்ல இடிச்சுக்குவாரு. பேசற கருவிதான் வேணும்னு கடையில இருந்ததுலயே பெரிய ஸ்கிரீனா நானே பாத்து எடுத்துட்டு வந்தேன். அவரைக் கூட்டிட்டுப் போகலை.

ஒரு நாள் சாயங்காலம் பஸ் இறங்கி தோட்டத்துக்குத் தனியா வர்றாரு. நான் இந்தப் பக்கம் வாசல்ல, நடுவுல வாய்க்கால். கீழ்பவானியில தண்ணி உட்டிருந்த நேரம். பாலத்துக்குத் திரும்பாம நேரா கரை மேல ஏறிட்டாரு. 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்'னு அது சொல்லிருச்சாம். நான் கத்துன கத்துல நின்னாரு. தண்ணிக்கும் அவரு செருப்புக்கும் நாலு எட்டுங்க. அந்தச் செருப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது.

பொள்ளாச்சிக்காரன்

எனக்கு அப்பாவுக்கு நேர் எதிருங்க அக்கா. நேர்ப்பார்வை தர்ற மாக்குலா போச்சு, நடுவுல மறைக்கும், ஓரத்துல தெரியும். பெரிய எழுத்து எனக்குத்தான் ஆகும். குழாய் வழியாப் பாக்கறவருக்கு எழுத்தைப் பெருசாக்குனா ஒரு எழுத்துதான் உள்ள நிக்கும்.

நான் வாங்கினது மலை ஏறறவங்க வெச்சிருக்கற ஜிபிஎஸ். வெயில்ல நல்லாத் தெரியும், பொத்தான் விரலுக்குத் தட்டுப்படும். ஆனா வாயே திறக்காது, பீப் மட்டும்தான். மாட்டுச் சந்தை அன்னைக்கு அந்தச் சத்தத்துல பீப் எங்க கேக்கறது? ஓரக்கண்ணுல ஸ்கிரீனைப் பாத்துட்டு நிக்கறேன், கையில சூடா மூச்சுக் காத்து படுது. காளைங்க. முழங்கைக்குப் பக்கத்துல கொம்பு. அன்னையிலிருந்து அதை வெளிய எடுக்கறதில்லை.

காந்திபுரம் தம்பி

கோபி அக்கா, கருவி மேல தப்பில்லைங்க. வெட்டவெளியிலயே போன் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் முன்னப் பின்னதான் இடம் சொல்லும். மரத்துக்கடியில, கட்டடத்துக்கு நடுவுல இன்னும் தள்ளிப் போகும். வாய்க்கால் கரை எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? வழி சொல்றது வேற, தடை சொல்றது வேற. கையில வெள்ளைக் கோல் இல்லாம எந்தக் கருவியும் குடுக்காதீங்க. ஐஐடி டெல்லியில உருவாக்கி 2014ல வந்த ஸ்மார்ட்கேன் இருக்கு. காதுக்குக் கேக்காத மீயொலி அனுப்பி, முழங்காலுக்கு மேல இருக்கற தடையை 3 மீட்டர் தள்ளியே அதிர்ந்து சொல்லிரும். பள்ளத்தை அது சொல்லாது, கோல் நுனியில தட்டித்தான் பாக்கணும். அப்பாவுக்கு மாற்றுத்திறனாளி சர்ட்டிபிகேட்டும் வாங்குங்க. பேப்பர் படிக்கறாரேன்னு யாராவது சொன்னா உட்ராதீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழ போனாலே குறைபார்வைதான்.

பொள்ளாச்சி அண்ணா, ஆண்ட்ராய்டு போன்ல ஸ்கிரீன்ல இருக்கறதைப் படிச்சுச் சொல்ற டாக்பேக் பழகுங்க. ரெண்டு காதையும் அடைக்காதீங்க. எலும்பு வழியாக் கேக்கற ஹெட்போன் போட்டா வண்டிச் சத்தமும் கேக்கும்.

என் கதை ரெண்டு வரிதான். மேம்பாலத்துக்கு அடியில நிக்கறேன், பக்கத்து வீதியில இருக்கேன்னு போன் சொல்லிட்டே இருக்குது. காலேஜ் புள்ளை ஒண்ணு 'அண்ணா, ரோட்டு நடுவுல நிக்கறீங்க'ன்னு கையைப் புடிச்சுது.

பொள்ளாச்சிக்காரன்

தம்பி, கோல் கோல்னு சொல்றது சுலபம். பாதி தெரியற ஆளு கோல் புடிச்சா, ஒருத்தர் கேக்காமயே கையைப் புடிச்சு இழுக்கறாரு. இன்னொருத்தரு 'போனைப் பாக்கறான், நடிக்கறான்'ங்கறாரு. பஸ்ஸுல என் காதுபடவே சொன்னாங்க. டாக்பேக்கும் பழகிப் பாத்தேன். மழையில ஸ்கிரீன் நனைஞ்சா விரல் எங்கெங்கயோ போகுது. எனக்குப் பொத்தான்தான் வேணும்.

கோபி அம்மிணி

பொத்தான்னு சொன்னதால சொல்றேன். சொந்தக்காரர் ஒருத்தர் விக்டர் ரீடர் ட்ரெக் கொஞ்ச நாளைக்குக் குடுத்திருக்காருங்க. கனடாக்காரங்க 2017ல கொண்டு வந்தது. புத்தகமும் படிக்கும், ஜிபிஎஸ்ஸும் இருக்கு. ஸ்கிரீனே இல்லை, பழைய போன் மாதிரி நம்பர் பொத்தான்தான். வேலிக்கு நடுவுல போற எங்க இட்டேரி எந்த மேப்புலயும் இல்லைங்க. ஆனா போற வழியில இருக்கற இடத்தை நம்ம குரல்லயே பதிஞ்சுக்கலாம்.

இந்தத் தடவை அப்பாவே கோலோட நடந்து பதிஞ்சாரு, நான் பின்னால போனேன். 'வேலி முடியுது.' 'பாலம் சோத்தாங்கைப் பக்கம்.' கரைக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் பொத்தானை அமுக்கிச் சொன்னாரு:

'அம்மிணி கத்துன இடம். நில்லு.'