புது ஸ்கூட்டிக்கு ரீகோலாம்: முன் பிரேக் ஹோஸ் மாத்தும் வரைக்கும் ஓடலாமா?

ஆரையம்பதி டீச்சர்:
வணக்கம். நான் மட்டக்களப்பு ஆரையம்பதி. படிப்பிக்கிறது வாவிக்கு அங்கால படுவான்கரையில, கொக்கட்டிச்சோலைக்கு அங்கால. ஒவ்வொரு நாளும் மண்முனைப் பாலத்தால போய்வாறன். மகளும் எனக்குப் பின்னுக்கு இருந்துதான் வாறா, அதே பள்ளிக்கூடத்தில மூணாம் ஆண்டு.

2020 மார்ச்சில இலங்கைக்கு வாகன இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து பழைய ஸ்கூட்டியோடயே இழுபட்டன். 2025 பெப்ரவரியில திறந்த பிறகுதான் லீசிங்கில புதுசு எடுத்தன். எடுத்து நாலு மாசம். போன கிழமை எங்கட சேர் ஒருவர் போனில ஒரு செய்தியைக் காட்டினார். இதே மொடலுக்கு இந்தியாவில ரீகோலாம், அதாவது பிழை இருக்கிற வண்டிகளைக் கம்பனியே திருப்பிக் கூப்பிட்டுத் திருத்துறது. ஹேண்டிலைத் திருப்பக்குள்ள முன் டிஸ்க் பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போற ரப்பர் குழாய்) உரசித் தேயுதாம், பிரேக் எண்ணெய் கசியலாமாம்.

வண்டி எடுத்த இடத்தில போய்க் கேட்டன். "அது இந்தியாவுக்கு மட்டும்தான், உங்கடதுக்கு ஒண்டுமில்ல" எண்டு சொல்லிப்போட்டாங்க. வண்டியில அடிச்சிருக்கிற சேசிஸ் நம்பரைக்கூடக் கேக்கல்ல. அதுதான் என்னை நித்திரை கொள்ள விடுதில்ல.

பாலம் தாண்டினா ரெண்டு பக்கமும் வயல். விடிய மாட்டுப்பட்டி றோட்டுக்கு ஏறும். போன மாசம் மாட்டுக் கண்டு ஒண்டு குறுக்கால பாய்ஞ்சது, முன் பிரேக்கையும் சேத்துப் பிடிச்சபடியால்தான் நிண்டன். மகள் எண்ட முதுகில வந்து முட்டினா. அண்டைக்கு அந்த ஹோஸ் வெடிச்சிருந்தா?

எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு. நானே எப்படிப் பாத்துக்கொள்ளலாம்? அவங்களிட்ட இருந்து ஒழுங்கான பதிலை எப்படி எடுக்கிற?

அக்கரைப்பற்று கராஜ்:
டீச்சர், நான் 19 வருசமா கராஜ் வச்சிருக்கன். இத வீட்டு முத்தத்திலயே பாக்கலாம்.

மெயின் ஸ்டாண்டில போட்டு ஹேண்டிலை நேரா வைங்க. வலது கைப்பக்கம் பிரேக் எண்ணெய் டப்பாவில சின்னக் கண்ணாடி இருக்கு. அடிக்கோட்டுக்கு மேல எண்ணெய் நிக்கணும். நாலு மாச வண்டியில அது கீழ போயிருந்தா எங்கயோ கசியுது. மறுகா லீவரை இறுக்கிப் பிடிச்சு ஒரு நிமிசம் அப்படியே வைங்க. கல்லு மாதிரி நிண்டா நல்லம். மெல்ல மெல்ல உள்ளுக்கு இறங்கினா வண்டியத் தொடாதீங்க.

வெள்ளை டிஷ்யூவால ஹோஸை மேல இருந்து கீழ வரைக்கும் துடைங்க, ரெண்டு முனையிலயும் போல்ட் இருக்கிற இடத்தையும் சேத்து. ஈரம் ஒட்டினா டிஷ்யூ காட்டிக்குடுக்கும். பிறகு ஹேண்டிலை இடம் வலம் கடைசி வரைக்கும் திருப்பி, ஹோஸ் எதில முட்டுதெண்டு பாருங்க. ரப்பரில ஒரு இடம் மட்டும் பளபளத்துத் தேய்ஞ்சு கிடந்தா அதுதான் உரசுற இடம். அந்த எண்ணெய் பெயிண்டில பட்டா உரிஞ்சுபோகும், உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

பிரேக் பிடிக்கக்குள்ள பாரம் கூடுதலா முன் சில்லுக்குத்தான் போகும். பின் பிரேக்கை மட்டும் நம்பினா டயர் இழுபடும், வண்டி லேசில நிக்காது. அதனால லேசா எடுக்காதீங்க. டேப் சுத்துறது, கடையில கண்ட ஹோஸ வாங்கிப் போடுறது ரெண்டும் வேணாம். ரீகோலுக்குப் போகக்குள்ள கம்பனி போட்ட ஹோஸ்தான் அதில இருக்கணும்.

கல்முனை ரைடர்:
என்னட்டயும் அதே வண்டி, 4,000 கிலோமீட்டர் ஓடிட்டன், ஒண்டுமில்ல. இத ஊரெல்லாம் சொன்னா நாளைக்கு விக்கப் போகக்குள்ள விலை விழும் அக்கா.

கல்லடி அண்ணன்:
தங்கச்சி, நம்பர் பாக்காம "இந்தியாவுக்கு மட்டும்" எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. மொடல் பேரைச் சொல்லி ரீகோலுக்குக் கூப்பிட்டாலும், அதில எந்தத் திகதிக்குள்ள செய்த வண்டி எண்டதுதான் கணக்கு. 2024 பெப்ரவரியில யமஹா இந்தியாவில ரே இசட்ஆர், ஃபசினோ 125 ஸ்கூட்டர் கிட்டத்தட்ட 3 லட்சத்தைப் பிரேக் லீவருக்காகக் கூப்பிட்டது. 2022 ஜனவரி 1 தொடக்கம் 2024 ஜனவரி 4 வரைக்கும் செய்தது மட்டும். ரோயல் என்ஃபீல்ட் 2021 மே மாசம் இக்னிஷன் கொயிலில (எஞ்சினுக்குத் தீப்பொறி குடுக்கிற பாகம்) இருந்த பிழைக்காகக் கூப்பிட்ட 2,36,966 பைக்கில தாய்லாந்து, மலேசியா, அவுஸ்திரேலியாவுக்குப் போனதும் இருந்தது. ஒரே தொழிற்சாலையில செய்து கப்பலில ஏத்தினா பிழையும் சேர்ந்துதான் ஏறும்.

சேசிஸ் நம்பர் பதிவுப் புத்தகத்தில இருக்கு, எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 17. வண்டியில அடிச்சிருக்கிறதோட ஒத்துப் பாருங்க. கொழும்பில இருக்கிற கம்பனி ஏஜென்டுக்கு நேரா பதிவுத் தபாலில எழுதுங்க: இந்த நம்பர் பட்டியலில இருக்கா, இல்லையா? இருந்தா எப்ப, எங்க மாத்துவீங்க? நீங்க டீலரிட்ட எடுத்திருந்தா கம்பனியிட்ட உங்கட போன் நம்பரே இல்லாமலும் இருக்கலாம். பதில் வராட்டி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பரில போன் அடியுங்க.

ஆரையம்பதி டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. கராஜ் நானா சொன்ன மாதிரியே பாத்தன். எண்ணெய் மட்டம் சரி, லீவரும் இறங்கல்ல, டிஷ்யூ காஞ்சுதான் கிடந்தது. ஆனா ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பக்குள்ள ஹோஸ் பிளாஸ்டிக் கவரில முட்டுது. அந்த இடத்தில விரல் நகம் அளவுக்கு ஒரு பளபளப்பு.

கல்முனைத் தம்பி, விலைக்காக மறைச்சு வித்தா வாங்கிறவரும் பின்னுக்கு ஒரு பிள்ளையை ஏத்துவார். தயவுசெய்து நீங்களும் உங்கட ஹோஸை ஒருக்காத் திருப்பிப் பாருங்க.

கடிதம் இண்டைக்குப் போட்டாச்சு. எங்கட பள்ளிக்கூடத்தில இதே வண்டி வச்சிருக்கிற இன்னும் ரெண்டு டீச்சர்மாரின்ட சேசிஸ் நம்பரையும் அதிலயே எழுதி, மூணு பேரும் கையெழுத்து வச்சம். பதில் வரும் வரைக்கும் ஸ்கூட்டி வீட்டிலதான். திங்கள் தொடக்கம் நானும் மகளும் கொக்கட்டிச்சோலை வரைக்கும் பஸ், அங்கால நடை. பதில் வந்ததும் இதிலயே எழுதுறன்.