மெயினை அணைத்த பின்னும் மீட்டர் ஓடுகிறதா?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், இரண்டு மாதங்களுக்கு 370 யூனிட் அளவிலேயே இருந்துவந்த எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரேயடியாக 690 யூனிட் பதிவானது. ஏசி இல்லாத வீடு என்பதால், மீட்டர்தான் பழுதாகிவிட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். தமிழ்நாட்டில் இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடிய விலையே கணக்கிடப்படுகிறது. ஆகவே யூனிட் ஏறக்குறைய இரண்டு மடங்கானபோது, கட்டணம் அதைவிட வேகமாக ஏறியிருந்தது.

தெரிந்த எலக்ட்ரீசியன் ஒருவர், சீலை எடுத்து உள்ளே பார்த்துவிடலாம் என்றார். நான் உடன்படவில்லை. மீட்டரும் அதன் சீலும் நம் சுவரில் இருந்தாலும் அவற்றைப் பத்திரமாகக் காப்பது மட்டுமே நம் கடமை. திறக்கும் உரிமை நமக்கு இல்லை. மீட்டரைச் சிதைத்து மின்சாரம் எடுப்பதை 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவு மின்திருட்டாகக் கருதி, மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. சீல் அறுந்திருந்தால், நாம் எதுவும் செய்யவில்லை என்று மெய்ப்பிப்பதே பெரும்பாடாகிவிடும்.

எனவே மீட்டரைச் சோதிக்கக் கோரி, உரிய கட்டணம் செலுத்தி மின்வாரியத்தில் விண்ணப்பித்தேன். சரியான மீட்டரின் வழியாகவே மின்சாரம் வழங்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 55ஆம் பிரிவு வழங்குநரைக் கட்டுப்படுத்துவதால், சோதனை கேட்பது சலுகையன்று. மேலும், கட்டணத்தில் தகராறு இருப்பவர், கோரப்பட்ட தொகையையோ முந்தைய ஆறு மாதச் சராசரியையோ, இரண்டில் குறைவானதை, எதிர்ப்பைத் தெரிவித்துச் செலுத்திவிட்டால், தகராறு தீரும் வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று 56ஆம் பிரிவு கூறுகிறது. இதை அறியாமல் கோபத்தில் கட்டணத்தையே நிறுத்திவைத்து இருட்டில் உட்கார்ந்தவர்களை நான் அறிவேன்.

சோதனைக்கு வந்த பெண் பொறியாளர், இன்னொரு மீட்டரைத் தொடராக இணைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. பிறகு மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். மீட்டரில் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு நின்றுவிட்டது. "மெயினை அணைத்த பின்னும் இது ஓடியிருந்தால் பொறுப்பு எங்களுடையது, ஐயா. நின்றுவிட்டதால் உங்கள் வயரிங்கில்தான் தேட வேண்டும்" என்றார். கம்பத்திலிருந்து மீட்டர் வரை அவர்கள், அதற்குப் பின் நாங்கள் என்ற எல்லை எனக்கு அந்த ஒரு நொடியில்தான் விளங்கியது.

அன்று மாலையே வீட்டில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு மெயினை மட்டும் போட்டோம். ஐந்து விநாடிக்கு ஒரு முறை விளக்கு மின்னியது. எங்கள் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருக்கிறது; விளக்கு ஒரு முறை மின்னுவதே ஒரு துடிப்பு. அப்படியானால் மணிக்கு 720 துடிப்பு, நாளைக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்தில் 324 யூனிட். காணாமற்போன கணக்கு அப்படியே கிடைத்துவிட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் உரிய, மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்சுகளான எம்சிபிக்களை ஒவ்வொன்றாக இறக்கியபோது, குளியலறைக்கு உரியதில் விளக்கு நின்றது.

கீசரின் சூடேற்றும் கம்பி விரிசல் விட்டிருந்தது. அதைவிடக் கொடுமை, குளியலறையைப் புதுப்பித்தபோது வயர்களை மாற்றி இணைத்ததால் சுவிட்ச், மின்சாரம் வரும் பேஸ் வயரில் இல்லாமல், அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயரில் இருந்ததுதான். சுவிட்சை அணைத்தாலும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருந்தது. கசிந்தது எர்த் வழியே மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. பேஸிலும் நியூட்ரலிலும் ஓடும் மின்னோட்டங்களில் பெரியதையே எங்கள் மீட்டர் கணக்கிடுவதால், வீணானதும் பதிவாகியது.

குழாயைத் தொட்டால் சுரீரென்கிறது என்று அம்மா மூன்று வாரமாகச் சொல்லிவந்ததும், ஈரக்கையாக இருக்கும் என்று நான் தட்டிக்கழித்ததும் அப்போது நினைவுக்கு வந்து என் கை நடுங்கியது. ஓர் ஆம்பியர் கசிவுக்கு எம்சிபி விழாது. 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற கருவி இருந்திருந்தால் முதல் நாளே விழுந்திருக்கும். அது எங்கள் வீட்டில் இல்லை.

மறுநாளே ஆர்சிசிபி பொருத்தி, வயர்களைச் சரிசெய்து, கீசரை மாற்றினோம். அந்த 690 யூனிட்டுக்கான தொகையை முழுமையாகச் செலுத்தினேன். அம்மின்சாரம் மீட்டரைச் சரியாகக் கடந்து எங்கள் வீட்டு மண்ணில்தான் இறங்கியிருந்தது. அடுத்த கணக்கெடுப்பில் 362 வந்தது.