அம்மாவுக்குப் பிறகு தம்பி எங்கே இருப்பான்?

பால்மரத்து மகள் (சுங்கை சிப்புட், மலேசியா):

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 42 வயது. டவுன் சிண்ட்ரோம். அம்மாவுக்கு 77. அப்பா 1999-இல் தவறிவிட்டார், 53 வயதில், தோட்டத்து வேலையில் இருக்கும்போதே மாரடைப்பு. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்தை உடைத்த பிறகு, டவுனுக்கு வெளியே ஒரு மலிவுவிலை வீட்டில் அம்மாவும் அவனும் இருக்கிறார்கள். நான் ஈப்போவில். கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அண்ணன் ஜோகூரில் இருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்.

தம்பி தானாகக் குளிப்பான், சாப்பிடுவான், உடுத்துவான். சட்டைப் பொத்தானை மேலிருந்து போட்டால் கடைசியில் ஒன்று மிச்சம் விழும், அதனால் கீழேயிருந்து போட அம்மா பழக்கியிருக்கிறார். காலை ஆறு மணிக்கு மின்னல் எஃப்எம் பாட வேண்டும். ராத்திரி படுக்கும் முன் முன்கதவை மூன்று முறை பூட்டிப் பார்ப்பான். இரண்டோடு நிறுத்தச் சொன்னால் அன்றைக்குத் தூக்கம் இல்லை, அவனுக்கும் சரி, அம்மாவுக்கும் சரி. காசு தெரியாது. மலாய் நாலு வார்த்தைதான், எல்லாம் சாப்பாட்டைப் பற்றியது.

போன மாதம் அம்மா விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இவன் தலையணையைக் கொண்டுவந்து தலைக்குக் கீழே வைத்து, போர்வையைப் போர்த்தி, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். யாரையும் கூப்பிடத் தெரியவில்லை. ரேடியோ போடாததைக் கவனித்து, பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) ஏழு மணிக்கு எட்டிப் பார்த்ததால் ஆயிற்று. ஈரத் தரையில் இரண்டு மணி நேரம். இடுப்பு உடையவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. அண்ணன் "ஏதாவது ஹோமில் போட்டுவிடலாம்" என்கிறார். அம்மா "நான் கண்ணை மூடுகிற வரைக்கும் அந்தப் பேச்சே வேண்டாம்" என்கிறார். ஒரு சொந்தக்காரர் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை பக்கம்தானே இருக்கிறது என்றார். அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

இவனைப் போன்றவர்களுக்கு நம்ம பக்கம் என்னதான் இருக்கிறது? எதைப் பார்த்து நம்புவது? பணத்துக்கு எங்கே போவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தைப்பிங் அண்ணன்:

தங்கச்சி, என் சொந்தத் தங்கை எட்டு வருடமாக ஒரு ஹோமில் இருக்கிறாள். அதற்கு முன் ஐந்து இடம் பார்த்தோம். அதில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் பதிவு. 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி நாலு பேரோ அதற்கு மேலோ தங்கவைத்துப் பார்த்தாலே, சமூகநல இலாகாவில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்றால் எந்த வருடம் என்று கேளுங்கள். ஒரு இடத்தில் ஆறு வருடமாக அப்ளை பண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம், சான்றிதழ் மட்டும் போதாது. சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போங்கள். காலையில் எல்லா ஹோமும் நன்றாகத்தான் இருக்கும். குளியலறைக்குள் போய் டூத் பிரஷைப் பாருங்கள். ஆளுக்கொன்றாகப் பெயர் எழுதி இருக்கிறதா, இல்லை ஒரே குவளையில் நாலைந்து கிடக்கிறதா? நாங்கள் பார்த்த இரண்டாவது இடத்தில் பன்னிரண்டு பேருக்கு மூன்று பிரஷ். கூடத்தில் டிவி ஓட, எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போதே கிளம்பிவிட்டோம்.

இப்போது தங்கை இருப்பது ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) சாதாரண இரட்டை மாடி வீடு. ஏழு பெண்கள், இரண்டு பணியாளர்கள். அவளுக்குத் துணி மடிக்கிற வேலை. சனிக்கிழமை பாசாருக்கு ஒருவரோடு போய்க் காய்கறிக் கூடையைத் தூக்கி வருவாள். மாதம் 1,200 வெள்ளி (ரிங்கிட்), நாங்கள் நாலு பேர் ஆளுக்கு 300. அதில் ஒருவர் மூன்றாவது வருடமே நிறுத்திவிட்டார். யார் என்று சொல்ல மாட்டேன், அவரும் இங்கே படிக்கிறார்.

இப்படிச் சின்ன வீடுகள் நம்ம மாதிரித் தோட்டத்து டவுன்களில் அபூர்வம். ஈப்போ, பினாங்கு, கிள்ளான் பள்ளத்தாக்குப் பக்கம்தான் தேட வேண்டியிருக்கும்.

அருள் வேண்டுபவன்:

தெய்வக் குழந்தை அவன். சாமி பார்த்துக்கொள்வார், கவலைப்படாதே தாயி.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நர்ஸ்):

சாமி பார்த்துக்கொள்வார், சரி. ராத்திரி எட்டு மணி மாத்திரையை யார் கொடுப்பது?

தஞ்சோங் ரம்புத்தான் பேச்சு எனக்கும் பிடிக்காத பேச்சு. உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை. மனநோய் வந்தவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கிற இடம். டவுன் சிண்ட்ரோம் மனநோயே கிடையாது, பிறவியிலேயே 21-ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பது. குடியிருக்க இடம் இல்லை என்பதற்காக ஒருவரை அங்கே கொண்டுபோய் விட முடியாது.

உங்கள் தம்பிக்கு 42 என்கிறீர்கள். சமீபத்தில் சோர்வாக இருக்கிறானா, பழகிய வேலையை மறக்கிறானா, கூப்பிட்டால் திரும்பவில்லையா? டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவதும் காது மந்தமாவதும் சாதாரணம். இரண்டையும் கவனித்தால் சரிசெய்யலாம். மறதி நோயும் இவர்களுக்கு மற்றவர்களைவிட முன்னதாகவே, நாற்பதுகளிலேயே வரக்கூடும். எடுத்த எடுப்பில் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் முதலில் தைராய்டுக்கு ரத்தம் எடுங்கள், காதைச் சோதியுங்கள். ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் இல்லை. கார்டு இருக்கிறதுதானே?

இன்னொன்று. அம்மா தலையில் இருப்பதை எழுதி வாங்குங்கள். பொத்தான் கீழேயிருந்து, கதவு மூன்று முறை, எல்லாம். புதிதாகப் பார்க்கிற ஆள் அதைத் தெரியாமல் தடுத்தால், "முரட்டுத்தனம் பண்ணுகிறான்" என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுவார். நான் அப்படி எழுதிய ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

பிடிகே டீச்சர்:

அக்கா, எடுத்தவுடன் ஹோமுக்குப் போக வேண்டியதில்லை. பிடிகே என்கிற சமூக மறுவாழ்வு மையம் 1984-இல் திரங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கியது, இப்போது நாடு முழுக்க இருக்கிறது. பெரியவர்களும் வரலாம். பகலில் மட்டும்தான், தங்க முடியாது. ஆனால் அம்மாவைத் தவிர வேறு ஒருவர் சொன்னதைக் கேட்கப் பழகுவான். என்னிடம் முப்பது வயதுக்கு மேல் ஐந்து பேர் இருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் தமிழ் மட்டும்தான் பேசுவார்கள். உங்கள் பக்கம் கோலகங்சார் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். வேலை செய்ய முடியாத ஓகேயுவுக்கான மாத உதவித்தொகையையும் அங்கேயே கேளுங்கள். 2021 பட்ஜெட்டில் 250-இலிருந்து 300 வெள்ளியாக ஏற்றினார்கள்.

இவனைப் போன்றவர்கள் தங்குகிற அரசாங்கத்தின் தாமான் சினார் ஹராப்பான் இல்லங்கள் கோலகுபு பாரு, சிரம்பான், ஜித்ரா மாதிரி இடங்களில் இருக்கின்றன. எல்லாமே உங்களுக்குத் தூரம். அம்மாவால் வாரா வாரம் போய்ப் பார்க்க முடியாது.

பழைய கிராணி:

அம்மா, ஒரே ஒரு கேள்வி. அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பென்சியன் வருகிறதா?

பால்மரத்து மகள்:

வருகிறது ஐயா. தம்பிக்கும் ஒரு பங்கு வந்தது. 21 வயதில் நின்றுவிட்டது.

பழைய கிராணி:

நினைத்தேன். பிள்ளைகளுக்கான பங்கு 21 வயதோடு நிற்கும், உண்மைதான். ஆனால் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத உடல் அல்லது மனக்குறை உள்ள பிள்ளைக்கு அந்த வயது வரம்பு கிடையாது. ஓகேயு கார்டு, டாக்டர் கடிதம், அப்பாவின் பழைய கோப்பு எண், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போங்கள். போன் பண்ணாதீர்கள், நேரில் போங்கள். நான் முப்பது வருடம் தோட்டத்து ஆபீசில் ஃபாரம் நிரப்பியவன். நேரில் போகிறவரின் கோப்புதான் மேலே வரும்.

வீடு அம்மா பேரில் என்றால் உயிலையும் இப்போதே எழுதிவிடுங்கள். உயில் இல்லாமல் போனால் 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் தம்பியின் பங்குக்குக் கையெழுத்து யார் போடுவது? அவனால் முடியாது, உங்களாலும் சும்மா போட முடியாது, கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அவன் பங்கை ஒரு அறங்காவலர் பொறுப்பில் விடும்படி எழுதச் சொல்லுங்கள். அண்ணனை உட்காரவைத்துப் பேசிவிட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் அது வேறு சண்டை.

பால்மரத்து மகள் (இரண்டு மாதம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

சொக்சோவில் ஃபாரம் கொடுத்தாயிற்று, காத்திருக்கிறோம். 21 வயதில் வந்த கடிதத்தை அண்ணன் அலமாரியில் வைத்தது இப்போதுதான் வெளியே வந்தது, படிக்கவே இல்லையாம். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு, மாத்திரை ஆரம்பித்திருக்கிறது. பகலில் தூங்கி விழுவது கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிகிறது. வலது காதில் ஒரே அழுக்கு அடைப்பு! எடுத்த அன்றைக்கு ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொன்னான். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சு கேட்டதே இல்லை.

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பள்ளி நோட்டில் பதினொரு பக்கம். ஆறாவது பக்கத்தில், "இடி இடித்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவராகவே, "ஒரு பழைய சேலையைக் கொடுத்தனுப்பலாம்ல" என்றார். ஹோம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஈப்போவில் என் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. ஆறு ஆண்கள். பதிவுச் சான்றிதழ் பார்த்தேன், பிரஷும் பார்த்தேன் அண்ணே, ஆறுக்கு ஆறு. மாதம் மூன்று நாள் மட்டும் தங்கவைத்துப் பழக்கச் சம்மதித்தார்கள். போன வெள்ளிக்கிழமை முதல் ராத்திரி. பணியாளரிடம் நோட்டைக் கொடுத்தேன். அவர் மலாய்க்காரர், தமிழ் படிக்கத் தெரியாது. நான் மடச்சி, அது மண்டையில் ஏறவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து முக்கியமானதை மலாயில் சொல்ல, அவர் போனில் பதிந்துகொண்டார். கதவு விஷயத்தைச் சொல்ல மறந்துபோனேன்.

சனிக்கிழமை காலை அவரே கூப்பிட்டார். ராத்திரி பத்து மணிக்கு இவன் எழுந்துபோய் முன்கதவைப் பூட்டிப் பார்த்திருக்கிறான். மூன்று முறை. மற்ற ஆறு பேரும் பின்னாலேயே போய் நின்று பார்த்தார்களாம். அதில் ஒருவர் தானும் ஒரு முறை பூட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்க, தம்பி சாவியைக் கொடுத்திருக்கிறான்.

அம்மாவிடம் சொன்னேன். "சாவியைக் கொடுத்தானா? யாருக்கும் கொடுக்க மாட்டானே," என்றார்.

ஒரு சந்தேகம் மட்டும். அங்கே ரசம் வைக்க ஆள் இல்லை. ரசப்பொடியைப் போத்தலில் கொடுத்தனுப்பினால் மலாய்க்காரருக்குப் புரிகிற மாதிரி எப்படி அளவு சொல்வது? யாராவது செய்திருக்கிறீர்களா?