செயலியின் அடிப்படை, டர்போ அதிர்வெண்களைப் பயனருக்குக் காட்ட சொந்தக் கெர்னல் மாட்யூல் தேவையா?

நொய்யல்கரை (திருப்பூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் பேட்டர்ன் பிரிவில் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். மார்க்கர் (துணியில் வெட்டுத் துண்டுகளை அடுக்கும் வரைபடம்) கணக்கிடுவதற்காக நாங்களே எழுதிய நிரல் ஒன்று, லினக்ஸ் நிறுவப்பட்ட 12 மடிக்கணினிகளில் ஓடுகிறது. அனைத்திலும் இன்டெல் கோர் ஐ5-8250யூ செயலிதான். இவற்றைப் பழைய பொருளாக விற்றவர் "3.4 கிகாஹெர்ட்ஸ்" என்று சொல்லி விற்றார். ஆனால் செயலியின் பெயரோடு 1.60 கிகாஹெர்ட்ஸ் என்று திரையில் வருவதைப் பார்த்த எங்கள் முதலாளி, "காசு முழுசாக் குடுத்துட்டு வேகத்தைப் பாதியாவா வாங்கியாந்தீங்க?" என்று கேட்டுவிட்டார்.

அவருக்குக் காட்டுவதற்காகவே ஒரு சிறு கெர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் ஏற்றப்படும் நிரல்) எழுதினேன். செயலிக்குள் இருக்கும் ஏபெர்ஃப், எம்பெர்ஃப் என்ற இரு எண்ணிகளையும் ஒரு விநாடி இடைவெளியில் இருமுறை படித்து, வித்தியாசங்களின் விகிதத்தைச் செயலியின் பெயரில் உள்ள 1.6-ஆல் பெருக்கி, விடையை புராக் (கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் அடைவு) கோப்பு ஒன்றில் எல்லாரும் படிக்கும்படி வைக்கிறது. ஒரே ஒரு த்ரெட்டை (நிரலோட்டத்தை) முழு வேகத்தில் ஓட்டினாலும் 3.02 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. பன்னிரண்டு கணினிகளிலும் இதே எண்தான். விற்றவர் சொன்னது பொய்யா, என் மாட்யூல் சொல்வது பொய்யா?

இன்னொன்று. அடிப்படை அதிர்வெண் (தொடர்ந்து ஓட உறுதியான வேகம்) ஒரு கோப்பிலும் டர்போ அதிர்வெண் (சூழல் அனுமதிக்கும்போது கிடைக்கும் உச்ச வேகம்) ஒரு கோப்பிலுமாக, எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாகக் கெர்னலே ஏன் தருவதில்லை? கணினி தொடங்கும்போது வரும் கெர்னல் பதிவில் டிஎஸ்சி (செயலிக்குள் நிலையான வேகத்தில் ஏறும் நேர எண்ணி) 1800.000 மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு வரி வருகிறது. செயலியின் விவரம் காட்டும் எல்எஸ்சிபியூ கட்டளையில் போகோமிப்ஸ் (கெர்னல் தரும் ஒரு தோராய வேக எண்) 3600.00 என்று காட்டுகிறது. இந்த 1800 எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

கருங்கண்ணி (ஈரோடு):

மாட்யூல் எதற்கு? சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் வன்பொருள் விவரங்களைக் கோப்புகளாகத் தரும் இடம்) ஒவ்வொரு சிபியூவின் கீழும் சிபியூஃப்ரீக் என்ற அடைவு இருக்கிறது. அதில் "சிபியூஇன்ஃபோ மேக்ஸ் ஃப்ரீக்" என்ற கோப்பைத் திறந்தால் உங்கள் செயலிக்கு 3400000 என்று வரும். அது கிலோஹெர்ட்ஸ்; ஆகவே விற்றவர் பொய் சொல்லவில்லை. இன்டெல் கணினிகளில் அதன் பக்கத்திலேயே "பேஸ் ஃப்ரீக்வென்சி" என்ற கோப்பும் இருக்கும் என்று நினைக்கிறேன். என்னிடம் இருப்பது ரைசன் 5 5600ஜி. அதில் அந்தக் கோப்பு இல்லை.

பீளமேடு (கோவை):

கருங்கண்ணி சொன்னது சரி. ஆனால் 3.02 எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கேள்வியில் சுவையான பகுதி. அதற்கு அவர் விடை தரவில்லை. கோப்புப் பெயர்களை நானும் தமிழிலேயே எழுதுகிறேன், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இருப்பதாகக் கொள்ளவும்.

உங்கள் மாட்யூல் சரியாகத்தான் எண்ணுகிறது. தவறான எண்ணால் பெருக்குகிறது. எம்பெர்ஃப் என்பது கோர் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் நிலையான ஒரு வேகத்தில் ஏறும் எண்ணி. அந்த நிலையான வேகம் டிஎஸ்சியின் வேகமே தவிர, பெயரில் அச்சிட்ட 1.6 அல்ல. ஏபெர்ஃப் அதே விழிப்பு நேரத்தில் கோர் உண்மையில் ஓடிய வேகத்தில் ஏறும். உதாரணமாக, ஒரு விநாடியில் எம்பெர்ஃப் 90 கோடியும் ஏபெர்ஃப் 135 கோடியும் ஏறியிருந்தால் விகிதம் 1.5. உங்கள் கணினியில் டிஎஸ்சி 1800 என்பதால், கோர் அந்த விநாடியில் பாதி நேரம் விழித்திருந்து, விழித்திருந்தபோது 2700 மெகாஹெர்ட்ஸில் ஓடியிருக்கிறது என்று பொருள். நீங்கள் 1.6-ஆல் பெருக்கினால் 2400 என்று வரும். 300 மெகாஹெர்ட்ஸ் காணாமல் போய்விடும். இப்போது உங்கள் 3.02-ஐ 1.6-ஆல் வகுத்து 1.8-ஆல் பெருக்கிப் பாருங்கள். விற்றவர் சொன்ன 3.4 அங்கே இருக்கிறது.

1.8 எங்கிருந்து வந்தது என்றால், இந்தச் செயலிக்கு அடிப்படை அதிர்வெண் ஒன்றல்ல. 15 வாட் வெப்ப வரம்பில் 1.6 கிகாஹெர்ட்ஸ், மடிக்கணினி தயாரிப்பாளர் 25 வாட்டுக்கு உயர்த்தி அமைத்தால் 1.8, 10 வாட்டுக்குக் குறைத்தால் 0.8 என்று மூன்றை இன்டெல்லே அறிவித்திருக்கிறது. பெயரில் அச்சிடுவது நடுவில் உள்ள எண்ணை. டிஎஸ்சி ஓடுவது மேலே உள்ள எண்ணில். போகோமிப்ஸ் அதன் இருமடங்கு, அவ்வளவுதான்.

நம் ஊர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க மோட்டாரைவிட நல்ல உதாரணம் இல்லை. 5 எச்பி மோட்டாரின் நேம் பிளேட்டில் எஸ்1 என்று அடித்திருந்தால், அந்தச் சுமையில் அதை நிறுத்தாமல் ஓட்டலாம் என்பது தயாரித்தவர் தரும் உறுதி. அதற்கு மேல் சுமை ஏற்றினாலும் சற்று நேரம் இழுக்கும், வைண்டிங் சூடேறும்வரை. அடிப்படை அதிர்வெண் அந்த உறுதியைப் போன்றது. டர்போ என்பது இருக்கும் வெப்பம், மின்சாரம், விழித்திருக்கும் கோர்களின் எண்ணிக்கை ஆகியவை அனுமதிக்கும்வரை கிடைக்கும் கூடுதல் இழுவை. ஒரு வேறுபாடு உண்டு: மோட்டார் தன் நேம் பிளேட்டைத் தானே மாற்றிக்கொள்ளாது, செயலி மாற்றிக்கொள்ளும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. பொதுவான இரு கோப்புகள் இல்லாததற்குக் கெர்னல் எழுதுபவர்களின் சோம்பல் காரணமல்ல. செயலியின் வேகத்தைக் கையாளும் ஒவ்வொரு கெர்னல் டிரைவரும் அறிந்திருக்கும் உண்மை வெவ்வேறு என்பதே காரணம். பழைய ஏசிபிஐ-சிபியூஃப்ரீக் டிரைவருக்கு பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) ஒரு பட்டியல் தருகிறது. அதில் 2400 அடிப்படை என்றால் அதன் மேல் 2401 என்று ஒரு பதிவு இருக்கும். அந்த ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ், "இதற்கு மேல் டர்போ, எவ்வளவு என்று கேட்காதே" என்பதற்கான குறியீடு. உண்மையான உச்சம் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினாலும் பட்டியலில் 2401000 என்றுதான் இருக்கும். இதைப் பார்த்துவிட்டுத் தன் கணினியில் டர்போ வேலை செய்யவில்லை என்று புலம்பியவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அந்த வரிசையில் நானும் ஒரு காலத்தில் நின்றவன்தான்.

2013-இல் வந்த இன்டெல் பிஸ்டேட் டிரைவர் பயாஸ் பட்டியலை நம்பாமல் செயலியின் எம்எஸ்ஆர்களையே (செயலிக்குள் இருக்கும் சிறப்புப் பதிவேடுகளையே) படிக்கிறது. ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) சிஇ என்ற முகவரியில் டர்போ அல்லாத உச்ச விகிதமும், ஹெக்ஸ் 1ஏடி-இல் எத்தனை கோர் விழித்திருந்தால் எவ்வளவு டர்போ என்பதும் இருக்கின்றன. அந்த விகிதத்தை 100 மெகாஹெர்ட்ஸால் பெருக்க வேண்டும். செயலி தன் வேகத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் எச்டபிள்யூபி வசதி உள்ள செயலிகளில், கருங்கண்ணி சொன்ன "பேஸ் ஃப்ரீக்வென்சி" கோப்பு ஹெக்ஸ் 771-இல் உள்ள "உத்தரவாத" நிலையைப் படித்து அதை அதிர்வெண்ணாக மாற்றித் தருகிறது. அந்த உத்தரவாதம் வெப்ப வரம்பு அமைப்பைப் பொறுத்தது என்பதால் டிஎஸ்சியோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே காட்டுவதற்கு அந்தக் கோப்பைப் பயன்படுத்துங்கள். ஏபெர்ஃப் விகிதத்தைப் பெருக்குவதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

12ஆம் தலைமுறை முதல் சிக்கல் இன்னொரு படி ஏறுகிறது. ஐ5-1235யூ-வில் இரண்டு பி-கோர்களின் (வேகத்துக்கானவை) அடிப்படை 1.3, உச்சம் 4.4, எட்டு இ-கோர்களின் (மின்சிக்கனத்துக்கானவை) அடிப்படை 0.9, உச்சம் 3.3. பி-கோரில் ஒரு எச்டபிள்யூபி நிலை 100 மெகாஹெர்ட்ஸ் அல்ல. கெர்னலில் அதற்கென்றே 78741 கிலோஹெர்ட்ஸ் என்று ஒரு மாறிலி எழுதி வைத்திருக்கிறார்கள். "இந்தச் செயலியின் டர்போ எவ்வளவு?" என்ற கேள்விக்கே அங்கு ஒற்றை விடை கிடையாது; எந்த சிபியூ என்று கேட்க வேண்டும்.

ஏஎம்டியில் 2022-இல் கெர்னல் 5.17-இல் ஏஎம்டி-பிஸ்டேட் வந்தது. அது "ஏஎம்டி பிஸ்டேட் மேக்ஸ் ஃப்ரீக்" என்று தனிக் கோப்பு வைத்திருக்கிறது. அடிப்படைக்கு, ஏசிபிஐ சிபிபிசி (செயலியின் செயல்திறன் நிலைகளைத் தரும்) அடைவில் உள்ள "நாமினல் ஃப்ரீக்" கோப்பைப் பார்க்க வேண்டும். அந்த அடைவில் உள்ள அதிர்வெண்கள் பயனருக்குக் காட்டுவதற்கு மட்டுமே, அவற்றை வைத்து நிரல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது.

மாட்யூலைப் பொறுத்தவரை, தூக்கிப் போடுங்கள் என்பதே என் ஆலோசனை. ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்புக்கும் அதை மறுபடி தொகுக்க வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் பாதுகாப்பு) இருந்தால் கையொப்பமும் இட வேண்டும். பன்னிரண்டு கணினிகளுக்கு இதைச் செய்ய உங்களுக்குச் சம்பளம் தருகிறார்களா? "ஸ்கேலிங் கர் ஃப்ரீக்" கோப்பே 2017-இல் வந்த 4.13 முதல் எக்ஸ்86-இல் ஏபெர்ஃப், எம்பெர்ஃப் கணக்கைத்தான் தருகிறது. சரிபார்க்க வேண்டுமென்றால் கெர்னலோடு வரும் டர்போஸ்டாட் கருவியை ரூட்டாக ஓட்டி, பிஸி மெகாஹெர்ட்ஸ் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள சராசரி நெடுவரிசை உறங்கிய நேரத்தையும் சேர்த்து வகுப்பதால் முதலாளியிடம் அதைக் காட்டிவிடாதீர்கள்.

ஆனைமலைச்சாரல் (பொள்ளாச்சி):

பீளமேடு ஐயாவின் விளக்கத்தோடு உடன்படுகிறேன், முடிவோடு அல்ல. டர்போ எண்ணைச் சாதாரணப் பயனருக்குக் காட்டவே கூடாது என்பது என் கருத்து. 3.4 என்று ஒருமுறை திரையில் எழுதிவிட்டால், எட்டு த்ரெட்டும் ஓடும்போது 2 கிகாஹெர்ட்ஸுக்கு வந்தாலும் கணினி கெட்டுப்போய்விட்டது என்றுதான் உங்கள் முதலாளி சொல்வார். தவிர, புராக் கோப்பை எல்லாரும் படிக்கும்படி வைத்ததையும் கவனிக்க வேண்டும். செயலியின் மின்செலவைக் காட்டும் ஆற்றல் எண்ணியை எல்லாரும் படிக்கலாம் என்றிருந்ததால்தான் 2020-இல் பிளாட்டிபஸ் தாக்குதல் (மின்செலவை அளந்து ரகசியங்களைத் திருடுவது) சாத்தியமாயிற்று. அதன் பிறகு அந்தக் கோப்பை ரூட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். 2022-இல் ஹெர்ட்ஸ்பிளீட் என்ற தாக்குதல் வந்தபோது, டர்போ அதிர்வெண் கையாளும் தரவைப் பொறுத்து மாறுகிறது என்பதையே ஒரு கசிவாகப் பயன்படுத்த முடியும் என்று காட்டினார்கள்.

பீளமேடு (கோவை):

பிளாட்டிபஸ் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. செயலியின் எண்ணிகளை அப்படியே திறந்து வைப்பது தவறு. மாட்யூலைக் கைவிட அதுவும் ஒரு காரணம். ஆனால் ஹெர்ட்ஸ்பிளீட்டுக்கு அதிர்வெண்ணை மறைப்பது மருந்தாகாது, ஏனெனில் அது வேலை முடிய எடுக்கும் நேரத்தை வைத்தே நடத்தக்கூடிய தாக்குதல். டர்போவை மறைத்தால் முதலாளிக்கு மிஞ்சுவது பெயரில் உள்ள 1.60 மட்டுமே. அந்த எண் தந்த குழப்பத்தில்தானே இந்த இழை தொடங்கியது? உச்சத்தைக் காட்டுங்கள், "அதிகபட்சம்" என்ற சொல்லோடு காட்டுங்கள், பக்கத்திலேயே இப்போதைய வேகத்தையும் காட்டுங்கள்.

சென்னிமலை:

ஒரு சிறு சேர்க்கை. கணினி பழுதுபார்ப்பது என் தொழில். பனியன் கம்பெனிகளிலிருந்தும் மில்களிலிருந்தும் வரும் மடிக்கணினிகளைத் திறந்தால், விசிறிக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே பஞ்சுத் தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். விரலால் உரித்தால் ஒரே துண்டாக வரும். அந்தக் கணினியில் எந்த டிரைவர் என்ன எண்ணைக் காட்டினாலும் டர்போ ஐந்து நிமிடம்கூட நிற்காது. சிபியூ அடைவில் "தெர்மல் த்ராட்டில்" என்று ஒரு துணை அடைவு இருக்கிறது, அதில் "பேக்கேஜ் த்ராட்டில் கவுண்ட்" (சூட்டால் எத்தனை முறை வேகம் குறைக்கப்பட்டது என்ற எண்ணிக்கை) கோப்பைப் பாருங்கள். வேலை ஓடும்போது அந்த எண் ஏறிக்கொண்டே போனால் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள் தம்பி, கெர்னல் டிரைவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நொய்யல்கரை (திருப்பூர்):

எல்லாருக்கும் நன்றி. பெருக்கும் எண்ணை 1.8 என்று மாற்றியதும் ஒற்றை த்ரெட்டில் 3.39 வந்தது, டர்போஸ்டாட்டும் அதையேதான் சொல்கிறது. எட்டு த்ரெட்டிலும் மார்க்கர் கணக்கை ஓட்டினால் தொடக்கத்தில் மேலே போய், பின்னர் பெரும்பாலான கணினிகளில் 2.3-க்குப் பக்கத்தில் நிலைக்கிறது. கட்டிங் டேபிளுக்கு அருகில் இருக்கும் இரண்டு மட்டும் 1.5-க்கு இறங்கின. சென்னிமலை அண்ணன் சொன்ன கோப்பைப் பார்த்தேன். இரண்டிலும் எண் கண்ணுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. திறந்தோம். கம்பளி என்று அவர் சொன்னது மிகையில்லை, எங்களுடையது மெரூன் நிறத்தில் இருந்தது, போன மாத ஆர்டரின் நிறம். சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றிய பிறகு அந்த இரண்டும் மற்றவற்றோடு சேர்ந்துவிட்டன.

மாட்யூலை நீக்கிவிட்டேன். அதற்குப் பதில் சிஸ்எஃப்எஸ் கோப்புகளை மட்டும் படிக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியிருக்கிறேன். அது மூன்று வரிகளைக் காட்டுகிறது: "தொடர்ந்து ஓட உறுதியான வேகம்", "ஒரு கோருக்கு அதிகபட்சம்", "இப்போது". "பேஸ் ஃப்ரீக்வென்சி" கோப்பு இல்லையென்றால் "நாமினல் ஃப்ரீக்"கைப் பார்க்கும். அதுவும் இல்லையென்றால் முதல் வரியைக் காட்டாது, பெயரிலிருந்து ஊகிக்காது. கருங்கண்ணி, உங்கள் ரைசனில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஸ்கிரிப்டைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

கருங்கண்ணி (ஈரோடு):

ஓட்டினேன். உறுதியான வேகம் 3.9 மெகாஹெர்ட்ஸ் என்கிறது. சிபியூஃப்ரீக் அடைவில் கிலோஹெர்ட்ஸ், சிபிபிசி அடைவில் மெகாஹெர்ட்ஸ். நீங்கள் இரண்டையும் ஆயிரத்தால் வகுத்திருக்கிறீர்கள்.

நொய்யல்கரை (திருப்பூர்):

திருத்திவிட்டேன். முதலாளி பார்ப்பதற்கு முன்பே நீங்கள் பார்த்தது நல்லதாகப் போயிற்று.